மாடிக்கும் முற்றத்துக்கும் ஒரே முகவரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அந்த வருஷங்களில் எனக்குச் சொல்லத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல" என்றால் பாதிப் பேர் ரயில் டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னார்கள். மீதிப் பேர் ஜாதகம் போட்டுத் தரச் சொன்னார்கள். தவளக்குப்பத்திலிருந்து மொபெட்டில் கிளம்பி, அரியாங்குப்பம் பாலம் தாண்டி டவுனுக்குள் நுழைவதற்குள் என் தலைமுடி வைக்கோல் போராகிவிடும். நேரு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம். ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் கூவுகிற ஒரு யூ.பி.எஸ். முதலாளியும் நானும்தான் மொத்தக் கம்பெனி.

முதலாளி ஆர்டர் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஜவுளிக்கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல்காரர், யாரைப் பார்த்தாலும் "உங்களுக்கு ஒரு வெப்சைட் இல்லையே சார்" என்பார், சட்டையில் ஒரு பட்டன் இல்லாததைக் கண்டுபிடித்தவர் மாதிரி. அவர்களும் பதறிப்போய் ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் என் தலையில். லாஸ்பேட்டையில் டிப்ளமா முடித்த கையோடு வந்தவள் நான். பக்கங்களைச் செய்வேன், படங்களைச் சுருக்குவேன். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வேலை கன்ட்ரோல் பேனல்தான்.

ஒரு பெயரை ஒருவர் தன் கம்ப்யூட்டரில் தட்டினால் அது எந்த ஊரில் இருக்கும் எந்த இயந்திரத்தில் போய் நிற்க வேண்டும், அந்தப் பெயருக்கு வரும் மெயில் யாருடைய பெட்டியில் விழ வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் பக்கம் அது. வரிசை வரிசையாகக் குட்டிப் படங்கள் இருக்கும். உறை படம் மெயிலுக்கு, சாவி படம் பாஸ்வேர்டுக்கு, உருண்டையான பூமி டொமைனுக்கு. இதை வீட்டில் அப்பாவுக்கு ஒரு தடவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மடை திருப்பற வேலைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். அதன் பிறகு எங்கள் தெருவில் என் வேலை என்னவென்று யாரும் கேட்கவில்லை. அப்பாவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

எங்களுடைய வாடிக்கையாளர்களில் ஒரு அக்காவும் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் அறுபதை நெருங்கும் வயது. அவர்களுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்; அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ் வீடுகள் இருக்கும் பக்கம், "சொல்தா வீடு" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். கீழே தூண்களும் முற்றமுமாகத் தமிழ் வீடு; மேலே பச்சைச் சட்டம் போட்ட உயரமான ஜன்னல்களோடு வெள்ளைக்காரப் பாணி மாடி. மூத்தவர் கணவரை இழந்தவர், மகன் பிரான்சில். இளையவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரசாங்க உத்தியோகத்திலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர். இருவருமாகச் சேர்ந்து வீட்டில் இருந்த அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வீட்டுக்கு அவர்கள் அம்மாவின் பெயர். வெப்சைட்டுக்கும் அதே பெயர்தான். அந்த டொமைனை நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். அன்று இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து, திரையில் அம்மாவின் பெயர் தெரிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு சண்டை வந்தது. விருந்தாளிகளுக்குக் காலையில் என்ன கொடுப்பது என்பதில் ஆரம்பித்தது என்று கேள்வி. இட்லி சாம்பார்தான் என்றார் மூத்தவர். "வெள்ளைக்காரனுக்கு வெறும் வயித்துல சாம்பாரா? ரொட்டியும் வெண்ணெயும் ஜாமும் வெச்சா போதும்" என்றார் இளையவர். அங்கிருந்து தண்ணீர் மோட்டாருக்குப் போய், மாடிப்படியை யார் பெருக்குவது என்பதற்குப் போய், கடைசியில் வீட்டையே பிரித்துக்கொண்டார்கள். மாடி மூத்தவருக்கு, கீழ்த்தளம் இளையவருக்கு. பூந்தொட்டிகளைக்கூடப் பிரித்தார்களாம். வெள்ளைக்காரப் பாணி மாடியில் இட்லியும், தமிழ் முற்றத்தில் ரொட்டியுமாக இரண்டு விடுதிகள் தனித்தனியே நடக்க ஆரம்பித்தன. பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோனது.

எல்லாவற்றையும் பிரித்த பிறகு வெட்ட முடியாமல் ஒன்று மிஞ்சியது. அது என்னிடம் வந்தது.

முதலில் வந்தவர் மூத்தவர். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தார். முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த வெப்சைட்டுலேருந்து அவ ரூம் படத்தையெல்லாம் எடுத்துடு. இனிமே அது என்னுது."

"ஆயிடும்மா" என்றார் முதலாளி, நான் வாயைத் திறக்கும் முன்பே.

அவர் படியிறங்கி அரைமணி ஆகவில்லை, இளையவர் வந்து நின்றார். ஒல்லியாக, நிமிர்ந்து, கையில் மடக்குக் குடையோடு.

"ஏம்மா, எங்க அக்கா வந்துட்டுப் போனாங்களா? அவங்க என்னா சொன்னாலும் செய்யாத. அம்மா பேரு கடைசிப் பொண்ணுக்குத்தான் வரும்."

"செஞ்சிடலாம்மா" என்றார் முதலாளி. யாரிடமும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. இளையவர் போன உடனே, "நீ பாத்துக்கம்மா, நான் ஒரு டீ சாப்ட்டு வந்துடறேன்" என்று அவரும் இறங்கிப் போய்விட்டார். அவர் டீ குடித்து முடிக்கச் சாயங்காலம் ஆனது.

நான் இருவரிடமும் தனித்தனியே போனில் பேசினேன். ஒருவர் இந்தப் பெயரை வைத்துக்கொள்ளட்டும், மற்றவர் கடைசியில் வரும் டாட் காமை மட்டும் மாற்றி வேறு பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். இருவருமே ஒரே பதிலைச் சொன்னார்கள்: அவ வேணா வேற வாங்கிக்கட்டும். அம்மாவின் பெயரை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை.

கன்ட்ரோல் பேனலில் ஒரு வசதி உண்டு. பெயருக்கு முன்னால் ஒரு சொல்லையும் ஒரு புள்ளியையும் சேர்த்தால், அதே பெயருக்குள் தனி வாசல் மாதிரி இன்னொரு முகவரி கிடைத்துவிடும். சப்டொமைன் என்பார்கள். எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். அம்மாவின் பெயருக்கு முன்னால் ஆளுக்கு ஒரு சொல் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. "மேல்", "கீழ்" என்று வைக்கலாம் என்று மூத்தவரிடம் சொன்னேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

இளையவர் போனிலேயே கொதித்தார். "கீழன்னு போட்டா என்னா அர்த்தம்? மட்டம்னு அர்த்தம். வர்றவன் என்னா நெனப்பான்?"

"பிரெஞ்சுல போடலாம்மா."

"பிரெஞ்சுல இன்னும் மட்டமா இருக்கும்."

"அப்ப தோட்டம்னு போடட்டுமா? பின்னால செம்பருத்தியெல்லாம் இருக்குதே."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் விஷயம் எப்படியோ மாடிக்கு எட்டி, மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மூத்தவர் வந்துவிட்டார். "தோட்டம் பொதுவு பாப்பா. கெணறு, தோட்டம், மாடிப்படி மூணும் பொதுவுன்னு பேசியிருக்கு. அவ எப்புடி எடுத்துக்கலாம்?"

கடைசியில் மாடி என்றும் முற்றம் என்றும் முடிவானது. இதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. முற்றத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை டி போடுவது என்பதில் இளையவர் ஒரு நாள் எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் பெயரை மட்டும் தட்டுகிறவர்களுக்கு ஒரு பொது முகப்பு. அதில் இரண்டு படங்கள். மாடிப் படத்தை அழுத்தினால் மாடி, முற்றத்துப் படத்தை அழுத்தினால் முற்றம். எந்தப் படம் இடது பக்கம் என்று கேள்வி வரும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அதனால் யாரையும் கேட்காமல், ஒவ்வொரு தடவை பக்கம் திறக்கும்போதும் எது முதலில் வரும் என்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போடுகிற மாதிரி எழுதிவிட்டேன். "நான் பாக்கறப்பல்லாம் அவதான் மொதல்ல வர்றா" என்று மூத்தவர் குறைப்பட்டுக்கொண்டார். இளையவரும் அதையே சொன்னார்.

புது முகவரிகளைப் போட்ட அன்று மதியம் இளையவர் போன் செய்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. "ஏம்மா, முற்றம் வந்துடுச்சு. ஜோரா இருக்குது" என்றார். அவர் ஒன்றைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் முறை. போனை வைத்துக்கொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம். மூத்தவர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"பாப்பா, நான் எங்க தெரு பிரவுசிங் சென்டர்லேருந்து வர்றேன். முற்றம் வருது. மாடி வரல."

"வந்திருக்கணுமே."

"வரலன்னா வரல. கண்ணாலப் பாத்துட்டு வர்றேன். நெஜத்தச் சொல்லு, அவ ஒனக்கு என்னா செஞ்சு குடுத்தா?"

எனக்கு அழுகை வராத குறை. என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். மாடி அழகாக வந்தது. பச்சை ஜன்னல், கொசுவலைக் கட்டில், எல்லாம் இருந்தன. அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்ட மட்டும் வந்து என்னா பிரயோஜனம்?" என்றார்.

பேனலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஒன்று தோன்றியது. "நீங்க இதுக்கு முன்னால எப்பயாச்சும் இந்த மாடி அட்ரஸ அடிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"நேத்து பாத்தேன், இன்னிக்குக் காலைலயும் பாத்தேன். வந்துடுச்சா வந்துடுச்சான்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

விஷயம் அதுதான். இணைய இணைப்பு கொடுக்கிறவர்களின் இயந்திரம் தான் கேட்டு வாங்கிய பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நான் மாடியை உண்டாக்குவதற்கு முன்பே அவர் போய்க் கேட்டுவிட்டார். அப்படி ஒரு முகவரி இல்லை என்று பதில் வந்துவிட்டது. அந்த இயந்திரம் அதையே பிடித்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இளையவர் நான் சொன்ன பிறகுதான் முதன்முதலாகத் தட்டினார். அதனால் உடனே கிடைத்தது. இதை மூத்தவருக்கு விளக்கினேன்.

"அப்ப நான் அவசரப்பட்டதாலதான் எனக்கு வரலங்கிற?"

"அப்புடி இல்லம்மா. மிஷன் வீதியில இருக்கற சென்டர்ல வேற கம்பெனி லைன். அங்க யாரும் முன்னாடி கேட்டிருக்க மாட்டாங்க. வாங்க, பாத்துட்டு வருவோம்."

இரண்டு பேரும் நடந்தே போனோம். நல்ல வெயில். அந்தச் சென்டரில் ஒரு மூலை கம்ப்யூட்டரில் அவரையே தட்டச் சொன்னேன். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். மாடி வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அம்மாவின் பெயருக்கு நேராகத் திரையில் விரலை வைத்து, "எங்க அம்மா மாடிக்கு ஏறவே மாட்டாங்க, மூட்டு வலி" என்றார். பிறகு எனக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு என் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

மிச்சம் இருந்தது மெயில்தான். அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். பிரான்சில் யாரோ ஒருவர் எழுதிய ஒரு சின்னப் பயணக் கையேட்டில் இந்த வீட்டின் பழைய மெயில் முகவரி அச்சாகியிருந்தது. வருகிற விருந்தாளிகளில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அச்சில் ஏறியதை மாற்ற முடியாது. அதனால் அந்த முகவரிக்கு எது வந்தாலும் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி போகிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். இது ஒன்றில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மெயில் வரும்மா. ரெண்டு பேரும் பதில் போட்டா குழப்பமாயிடும்" என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லிப் பார்த்தேன்.

"யாரு மொதல்ல போடறாங்களோ அவங்களுக்கு" என்றார் இளையவர்.

"அவ போடறதுக்குள்ள நான் போட்டுடுவேன்" என்றார் மூத்தவர்.

பேனலில் இரண்டு வரிகள் சேர்த்தேன். அன்றிலிருந்து தினமும் பூசை முடிந்ததும் மூத்தவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மெயில் பார்ப்பது வழக்கமாயிற்று. முதலாளிக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம், அதனால் ஆட்சேபிக்கவில்லை. இருவரும் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மூத்தவர் பிரெஞ்சில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஒரு வார்த்தையும் புரியாமல் நான் தட்டுவேன். "ஏ மேல ஒரு கோடு போடு பாப்பா. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." முகம் தெரியாத எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்கு நான் அப்படி அன்பாகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம், பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வயதான கணவன் மனைவி வருவதாக எழுதினார்கள். ஒரு அறை வேண்டும், பத்து நாள் போல இருப்போம் என்று. மூத்தவர் அன்றே என்னைத் தட்டச் சொல்லிப் பதில் அனுப்பினார். வாருங்கள், அறை தயார் என்று. அந்த அம்மாள் உடனே நன்றி சொல்லி, கிளம்புகிற விவரத்தையும் எழுதியிருந்தார். மூத்தவருக்கு ஒரே குஷி. மாடிப் பக்கத்துக்குப் புதுப் படங்கள் போட வேண்டும், விருந்தாளிகள் வருகிற அன்று வந்து எடுத்துக்கொள் என்றார்.

அலுவலகக் கேமராவோடு அன்று காலை சொல்தா வீட்டுக்குப் போனேன். மாடி அறையில் புது விரிப்பு, ஜாடியில் சம்பங்கி. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வாடகைக் கார் நிற்கும் சத்தம். மூத்தவர் ஜாடியிலிருந்து ஒரு கொத்தை உருவிக்கொண்டு வேகமாக இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கேட்டருகே இளையவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், பட்டுப் புடவையில். அவர் கையிலும் ஒரு கொத்துச் சம்பங்கி.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. இளையவரும் பதில் போட்டிருக்கிறார். இரண்டு பதிலும் அம்மாவின் பெயரில்தான் போயிருக்கிறது. அந்த அம்மாள் நன்றி சொன்ன மெயில் இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. அவரவர் தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

காரிலிருந்து குட்டையான ஒரு அம்மாளும், தொப்பை வைத்த, சிவந்த முகமுள்ள அவர் கணவரும் இறங்கினார்கள். அவரைச் சகோதரிகள் மிஸ்யே என்றார்கள். இருவர் கையிலும் பூவைத் திணித்தார்கள் சகோதரிகள். பிறகு நான்கு பேரும் பிரெஞ்சில் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மூத்தவர் மேலே கை காட்டினார். இளையவர் உள்ளே கை காட்டினார். கார் டிரைவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்தேன்.

அப்போது அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்தது போலிருக்கிறது. "இரண்டு அறையா?" என்கிற மாதிரி இரண்டு விரலைக் காட்டி ஏதோ கேட்டார். சகோதரிகள் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் என்னவோ சொல்ல, இளையவர் களுக்கென்று சிரித்துவிட்டார். மூத்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார்:

"அந்த மிஸ்யே கொறட்ட விடுவாராம் பாப்பா. கல்யாணமான நாள்லேருந்து அந்தம்மா சரியாத் தூங்கனதே இல்லையாம். ரெண்டு ரூமும் வேணுமாம். அவரக் கீழ போட்டுட்டு இந்தம்மா மாடிக்கு வர்றாங்களாம்."

மிஸ்யேவின் முகம் இன்னும் சிவந்தது. ஆனால் அவரும் சிரித்தார். பெட்டிகள் பிரிந்தன, ஒன்று மேலே போயிற்று, ஒன்று உள்ளே. சகோதரிகள் இருவரும் சண்டையில்லாமல் ஜெயித்துவிட்டார்கள். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவரவர் விருந்தாளியோடு அவரவர் பக்கம் போய்விட்டார்கள்.

அடுத்த நாட்களின் கதையை மூத்தவர் தினமும் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். முதல் நாள் காலை மாடியில் இட்லி, கீழே ரொட்டி. இரண்டாம் நாள் சாம்பார் வாசனை பிடித்து மிஸ்யே மாடிக்கு ஏறி வந்துவிட்டார். அந்த அம்மாளோ, இட்லி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காலையில் ஒரு வாய் வெண்ணெய் ரொட்டி இல்லாமல் முடியவில்லை என்று கீழே இறங்கினார். அதன் பிறகு தினமும் காலையில் மிஸ்யே ஏறுவதும் அம்மாள் இறங்குவதுமாக இருந்தது. மாடிப்படி பொதுவு என்பதால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"அவ வெக்கிற ஜாம் நல்லா இருக்குதாம். அந்தம்மா எங்கிட்டயே வந்து சொல்றாங்க" என்றார் மூத்தவர். கோபமாகச் சொல்ல முயன்றார். குரல் அதற்கு ஒத்துவரவில்லை.

ஒரு நாள் அவர் வரவே இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மெயில் கேட்கவில்லை.

"முந்தா நேத்து இட்லி ஊத்தி அடுப்புல வெச்சேன் பாப்பா. சிலிண்டர் தீந்துபோச்சு. மாவு பாதி வேகல. மிஸ்யே வேற மேல வந்து ஒக்காந்துட்டாரு. என்னா செய்யறது? இட்லிப் பானையத் துணியச் சுத்தி, மேல சாம்பார்க் கிண்ணத்த வெச்சுத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். முற்றத்துல நிக்கறேன், என்னா சொல்றதுன்னு தெரியல. அவ வெண்ண தடவிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்தா, பானையப் பாத்தா."

"என்னா சொன்னாங்க?"

"'கேஸ் தீந்துபோச்சா?'ன்னா. 'ஆமாடி'ன்னேன். அடுப்புலேருந்து பால எறக்கி வெச்சுட்டு எடம் விட்டா. அவ்ளோதான்." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இட்லி வேகற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே நின்னோம். சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னா. ருசி பாத்திருக்கா பாரு."

விருந்தாளிகள் ஊருக்குத் திரும்பி, பொங்கல் முடிந்த பிறகு, ஒரு நாள் சாயங்காலம் படியில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று கீழ். அக்காவும் தங்கையும் ஒன்றாக ஏறி வந்தார்கள். முதலாளி அவர்களைப் பார்த்ததும் டீ சாப்பிடக் கிளம்பினார்.

"ஒக்காருங்க தம்பி, ஒங்களையும் வெச்சுக்கிட்டுத்தான் பேசணும்" என்று மூத்தவர் அதட்டியதும் உட்கார்ந்தார்.

மறுபடி சேர்ந்து நடத்தப் போகிறார்களாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். பேனலைத் திறந்து, மாடியையும் முற்றத்தையும் எடுத்துவிடப் போனேன். நிச்சயமாக அழிக்கலாமா என்று பேனல் ஒரு தடவை கேட்கும். அந்தக் கேள்வி திரையில் வந்ததுமே இளையவர் என் கையைப் பிடித்தார்.

"இரு, இரு. அது இருந்துட்டுப் போவட்டும். போன வாரம் ஒருத்தன் எழுதறான், மாடிதான் வேணும்னு. இன்னொருத்தி முற்றம் கேக்கறா. பேரு நல்லாத்தானே இருக்குது."

"நான்தானே மாடின்னு சொன்னேன்" என்றார் மூத்தவர். மாடி என்று சொன்னது நான். பேனலின் கேள்விக்கு 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

மெயிலை மட்டும் மாற்றச் சொன்னார்கள். பிரதி அனுப்புகிற இரண்டு வரிகளையும் எடுத்தேன். அச்சில் இருந்த அந்த முகவரிக்கே சொந்தமாக ஒரு பெட்டியை உண்டாக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது. மூத்தவர் குனிந்து என் காதில் ஒன்றைச் சொன்னார். "அதுல ஒரு நம்பராச்சும் இருக்கணும்க்கா, இல்லன்னா ஒத்துக்காது" என்றார் இளையவர், அவர் சொன்னது காதில் விழாமலேயே. இருவரும் ரகசியமாகப் பேசி ஒரு நம்பரைச் சேர்த்தார்கள். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அந்த வேலையை விட்டுச் சென்னைக்குப் போகும் வரை அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. இளையவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருவருமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அதன் பிறகும் அவர்கள் சண்டை போட்டார்கள்; கலர் அடிப்பதற்கு, கொசுவலை வாங்குவதற்கு, எல்லாவற்றுக்கும். ஆனால் என்னிடம் எதையும் வெட்டச் சொல்லி வரவில்லை. காலையில் அலுவலகத்தில் அந்த நாற்காலி காலியாக இருப்பது எனக்குத்தான் கொஞ்ச நாள் என்னவோ போல இருந்தது.

அந்தச் சாயங்காலம் பெட்டி தயாரானதும், சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். ஊருக்குப் போய்ச் சேர்ந்த அந்த மிஸ்யேவுக்கும் அம்மாளுக்குமே எழுதிவிடலாம் என்று இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மூத்தவர் ஒரு வரி சொல்ல, இளையவர் அது தப்பு என்று வேறு வரி தட்ட, மூத்தவர் அதிலும் ஒரு எழுத்தின் மேல் கோடு விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். "அன்புள்ள" என்பதைத் தாண்டவே கால் மணி நேரம் ஆனது. எனக்கு இருட்டுவதற்குள் பாலம் தாண்ட வேண்டும். சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, "நீங்க பூட்டிக்கிறீங்களா சார்?" என்றேன். அவர் இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழக்கம்போல முடியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை.